துணி வியாபாரி இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள்

பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் பழமொழி. பாதாளத்துக்கு அது பாய்கிறதோ இல்லையோ, அரசாங்க மாளிகைக்கும் நீதிஸ்தலத்துக்கும் பாய்கிறது என்பதை எல்லா நாட்டுச் சரித்திரமும் சொல்லுகிறது. செல்வமுள்ளவன் அதிகாரியைத் தேடிப் போகிறான். அதிகாரி செல்வமுள்ளவனைத் தேடிப் போகிறான். இருவருக்கும் நடுவில் சட்டம் அகப்பட்டுக்கொண்டு திண்டாடுகிறது.

இதற்குப் பரிகாரம் பணத்தை உதறிவிட்டு வனம் போவதுதான் என்று சிலர் எண்ணலாம். பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடை நடத்தும் நமக்கு அது ஆகிற காரியமல்ல. மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே, கடையும் வைத்திருந்து, லாபமும் சம்பாதித்து, அந்தப் பணத்தைக் கொண்டே அரசருக்கு முன் தலை நிமிர்ந்து நின்ற ஒரு பெரியாரின் சரித்திரத்தை இம்முறை எழுத முன்வந்தோம். அவர்கள்தாம் இமாமுல் அஃளம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள்.

நம்மில் ஹனபீ மத்ஹபுச் சகோதரர்கள் அவர்களுடைய சட்டப்படி அன்றாடம் தொழுகிறார்கள். ஷாபிஈ சகோதரர்களுக்கும் அவர்கள் அந்நியரல்லர். அன்னார் வபாத்தான அதே ஹிஜ்ரி 150-ம் வருஷத்தில்தான் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள். இமாமவர்களை மார்க்கச் சட்ட மேதையாக நாம் எல்லோரும் அறிவோம். நம்மைப் போலத் துணி அளந்து விற்ற வியாபாரியாக அறிந்தவர்கள் சிலரே.

பிறப்பும் காலமும்

இமாமவர்களின் இயற்பெயர் நுஃமான். தகப்பனார் பெயர் தாபித். ஹிஜ்ரி 80 (கி.பி. 699)-ல் இராக் நாட்டின் கூபா நகரில் பிறந்தார்கள். பாரசீக வம்சத்தைச் சேர்ந்த வியாபாரக் குடும்பம்.

அது பணத்தின் சரித்திரத்திலேயே முக்கியமான ஒரு காலம். அதுவரை முஸ்லிம்கள் ரோமாபுரித் தங்கக் காசையும் பாரசீக வெள்ளிக் காசையுமே பெரும்பாலும் புழங்கி வந்தனர். உமையாக் கலீபா அப்துல் மலிக் காலத்தில் ஹிஜ்ரி 77-ல் உருவமில்லாத, அரபு எழுத்து மட்டும் பொறித்த தங்க தீனாரும், ஹிஜ்ரி 79-ல் அதே விதமான வெள்ளித் திர்ஹமும் வெளிவந்தன. இமாமவர்கள் தொட்டிலில் கிடந்தபோது அந்தத் திர்ஹங்கள் கூபாவின் கடைத் தெருவில் புத்தம் புதியவை.

காசு புதிதாயிற்று, ஆட்சியாளரின் ஆசை பழையதாகவே இருந்தது. அப்போது இராக்கை ஆண்ட கவர்னர் ஹஜ்ஜாஜ், அரபியரல்லாதார் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் அவர்களிடமிருந்து ஜிஸ்யா வரியை வாங்கினார். வரி குறைந்தால் கஜானா குறையும் என்பதே காரணம். நகரங்களில் குடியேறிய புது முஸ்லிம்களைக் கிராமங்களுக்கே திருப்பித் துரத்தினார். கி.பி. 717-ல் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் கலீபாவான பிறகுதான் அந்த அநியாயம் நிறுத்தப்பட்டது. அப்போது இமாமவர்களுக்கு வயது பதினெட்டு. பாரசீக வம்சத்துப் பிள்ளை ஒருவர், கஜானாவுக்காகச் சட்டம் வளைக்கப்படுவதையும், நல்லவர் ஒருவர் வந்து அதை நிமிர்த்துவதையும் இளவயதிலேயே பார்த்துவிட்டார். இந்தப் பாடம் அவர்கள் ஆயுள் முழுதும் கூட வந்தது.

கடைத் தெருவும் கல்வியும்

கஜ் என்பது பட்டும் ரோமமும் கலந்து நெய்த உயர்ந்த துணி. இமாமவர்களின் கடையில் அதுவே முக்கியச் சரக்கு. வாலிபத்தில் அவர்களுடைய நினைப்பெல்லாம் வியாபாரத்தின் மேலேயே இருந்தது. ஒரு நாள் கடைத் தெருவுக்குப் போகும் வழியில் ஷஅபீ (ரஹ்) என்னும் பேரறிஞர் அவர்களைக் கூப்பிட்டு, எந்த ஆலிமிடம் போய் வருகிறாய் என்று விசாரித்தார். கடைக்குத்தான் போய் வருகிறேன் என்று இவர்கள் சொல்ல, உன்னிடம் நல்ல அறிவு தெரிகிறது, கல்வியை விட்டுவிடாதே என்று அந்தப் பெரியவர் புத்தி சொன்னார். அந்தச் சொல் மனத்தில் தைத்துவிட்டது.

பிறகு ஹம்மாத் (ரஹ்) என்னும் ஆசிரியரிடம் சேர்ந்து, அவர் ஹிஜ்ரி 120-ல் மறையும் வரை பதினெட்டு வருஷம் ஓதினார்கள். தமது நாற்பதாம் வயதில் ஆசிரியரின் இடத்தில் அமர்ந்தார்கள். நாம் கவனிக்க வேண்டிய விஷயம் என்னவெனில், இத்தனைக்கும் அவர்கள் கடையை மூடவில்லை. கூட்டாளிகளை வைத்து நடத்தினார்கள். ஆலிமான பிறகும் தமது ரொட்டிக்குத் தாமே சம்பாதித்தார்கள்.

விலை சொல்லும் விதம்

ஒரு முறை ஒரு பெண் பட்டுத் துணியொன்றை விற்கக் கொண்டுவந்தாள். விலை நூறு திர்ஹம் என்றாள். இது அதற்கு மேலும் பெறும் என்றார்கள் இமாமவர்கள். அவள் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்தாள். இன்னும் பெறும் என்று சொல்லவே, என்னைப் பரிகாசம் செய்கிறீர்களா என்று அவள் வருத்தப்பட்டாள். விலை தெரிந்த ஓர் ஆளை அழைத்து வரச் சொல்லி, ஐந்நூறு திர்ஹம் கொடுத்து அதை வாங்கினார்கள். விற்பவளுக்கு விலை தெரியாதது நமக்கு லாபம் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை.

இன்னொரு முறை ஏழை மூதாட்டி ஒருத்தி வந்து, அடக்க விலைக்கே எனக்கு ஒரு துணி கொடுங்கள் என்று கேட்டாள். நாலு திர்ஹம் கொடு என்றார்கள். கிழவியைக் கேலி செய்யாதீர்கள் என்றாள். அதற்கு அவர்கள் சொன்ன கணக்கு இது: இரண்டு துணிகளாக வாங்கினேன், ஒன்றை விற்றதில் இரண்டுக்கும் போட்ட முதலில் நாலு திர்ஹம் போக மற்றதெல்லாம் வந்துவிட்டது, ஆகவே இந்தத் துணி எனக்கு நாலு திர்ஹத்தில்தான் நிற்கிறது. தர்மம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் தலை குனிந்திருப்பாள். வியாபாரமாகவே கொடுத்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரிய சம்பவம் ஹப்ஸ் என்னும் கூட்டாளியுடையது. வெளியூருக்குச் சரக்கு அனுப்பும்போது, இன்ன துணியில் பழுது இருக்கிறது, வாங்குகிறவரிடம் காட்டி விற்க வேண்டும் என்று இமாமவர்கள் சொல்லியனுப்பினார்கள். ஹப்ஸ் மறந்துபோய் அதையும் மற்றவற்றோடு விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இதைக் கேட்டதும் இமாமவர்கள் அந்தச் சரக்கு முழுவதற்கும் வந்த பணத்தைத் தர்மம் செய்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நமது சொந்தக் கதையொன்றைச் சொல்லாமல் மேலே எழுதக் கை வரவில்லை. நமக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றோம். மழைத் தண்ணீர் இறங்கி ஓரத்தில் கறை பிடித்த கைலிகள் சில இருந்தன. கறை உள்ளே போகும்படி மடித்து, நோன்புப் பெருநாள் கூட்டத்தில் விற்றுவிட்டோம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாமே செய்த கெட்டிக்காரத்தனம். வாங்கினவர்களில் வயதான பெண் ஒருவர் மகனுக்கென்று சொல்லிச் சில்லறையாக எண்ணி வைத்தார். அவர் திரும்பி வரவேயில்லை. வந்து நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். பல வருஷம் கழித்து ஒரு பயானில் ஹப்ஸின் கதையைக் கேட்டோம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டு, கறை பிடித்த கைலிகளின் விலையைத் தர்மம் செய்தோம். இமாமவர்களோ நல்ல துணியின் பணத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் நமக்கும் உள்ள தூரம் அன்று விளங்கிற்று.

லாபம் போன வழி

வருஷக் கடைசியில் கணக்கு முடித்து, லாபத்தைக் கொண்டு ஆலிம்களுக்கும் ஓதும் பிள்ளைகளுக்கும் வேண்டிய உணவும் உடையும் வாங்கி அனுப்புவது இமாமவர்களின் வழக்கம். எனக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ் உங்களுக்காக என் கையில் ஓட விட்டது இது என்பார்களாம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் யஃகூப். பரம ஏழை. குடும்பச் சிரமம் தாங்காமல் பாடத்திலிருந்து அவரை வேலைக்கு இழுத்துப் போனார்கள். இமாமவர்கள் அவர் கையில் நூறு திர்ஹம் உள்ள பையைக் கொடுத்து, இது தீர்ந்ததும் சொல் என்றார்கள். அவர் சொல்ல வேண்டியே வரவில்லை. தீரும் சமயம் பார்த்து அடுத்த பை வந்துகொண்டிருந்தது. அந்த யஃகூப்தான் பிற்காலத்தில் இமாம் அபூயூசுப் (ரஹ்) என்று உலகம் புகழும் அறிஞர்.

அரசர் கொடுக்கும் மானியத்தை எதிர்பார்க்காமல் ஒரு கல்விக் கூட்டம் நடந்தது என்றால், அதற்கு அடியில் ஒரு துணிக்கடை இருந்தது.

வியாபாரி கண்ட சட்டம்

கடைத் தெருவில் வளர்ந்தவர்களாகையால் கொடுக்கல் வாங்கல் சட்டத்தில் அன்னாரின் கூர்மை தனி. சரக்கு பின்னால், பணம் முன்னால் என்று செய்யும் ஸலம் வியாபாரத்தில் சரக்கின் இனம், தரம், அளவு, தவணை எல்லாம் தெளிவாயிருக்க வேண்டும் என்றும், பணம் அதே இடத்தில் கை மாற வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். பின்னால் சண்டை வராதிருக்க முன்னாலேயே வழி செய்வது இது.

ஆனால் பணத்தைக் காட்டிலும் மனிதனைப் பெரிதாக மதித்த சட்டம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. வயது வந்த, புத்தி தெளிந்த ஒருவன் தன் சொத்தைத் தாறுமாறாகச் செலவழிக்கிறான். காஜி அவனுக்குத் தடை போட்டு, அவன் செய்யும் வியாபாரம் செல்லாது என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றனர் பலர். பிற்காலத்தில் அவர்களுடைய மாணவர்களே அப்படித்தான் சொன்னார்கள். இமாமவர்கள் கூடாது என்றார்கள். சொத்து அழிவது நஷ்டம்தான். ஆனால் சுதந்திரமுள்ள மனிதனின் பேச்சைச் செல்லாக் காசாக்குவது அதைவிடப் பெரிய நஷ்டம் என்பது அவர்கள் கருத்து. காசைக் காப்பாற்றுவதற்காக மனிதனை மிருகத்தின் நிலைக்கு இறக்கக் கூடாது என்று துணி வியாபாரி ஒருவர் தீர்ப்புச் சொன்னதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதவியும் பிரம்படியும்

இமாமவர்களின் செல்வாக்கை விலைக்கு வாங்க இரண்டு ஆட்சிகள் முயன்றன.

உமையா ஆட்சியின் கடைசிக் காலத்தில் இப்னு ஹுபைரா என்பவர் இராக்கின் கவர்னராக இருந்தார். நாடெங்கும் கலகம். மக்களின் நம்பிக்கையைப் பெறுவதற்காக ஆலிம்களுக்குப் பதவி கொடுக்கத் தொடங்கினார். இமாமவர்களுக்கு முத்திரை அதிகாரியின் பதவி. அவர்கள் கை படாமல் ஓர் உத்தரவும் செல்லாது. பைத்துல்மாலிலிருந்து ஒரு காசும் வெளிவராது. எவ்வளவு பெரிய பதவி! மற்ற ஆலிம்கள் வந்து, ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் உயிருக்கு ஆபத்து என்று கெஞ்சினார்கள். பள்ளிவாசலின் கதவுகளை எண்ணச் சொன்னால்கூட இவருக்காக நான் எண்ண மாட்டேன்; ஒரு மனிதனின் தலையை வெட்ட இவர் எழுதும் உத்தரவுக்கு நான் எப்படி முத்திரை இடுவேன் என்று மறுத்துவிட்டார்கள். நாளுக்குப் பத்து வீதம் நூற்றுப்பத்து அடி அடித்ததாகச் சரித்திரக்காரர்கள் எழுதுகின்றனர். விடுபட்டபின் ஹிஜ்ரி 130-ல் மக்காவுக்குப் போய்ச் சில வருஷம் தங்கினார்கள்.

ஹிஜ்ரி 132 (கி.பி. 750)-ல் ஆட்சி அப்பாஸியர் கைக்கு மாறியது. இரண்டாம் கலீபா மன்சூர் கெட்டிக்காரர், காசில் கண்டிப்பானவர். அவர் இமாமவர்களுக்குப் பணம் அனுப்பினார். இமாமவர்கள் வாங்கவில்லை. காரணம் கேட்டபோது அவர்கள் சொன்னதாகக் கூறப்படும் பதில் ஒரு கணக்கப்பிள்ளையின் பதில் போலத் தெளிவானது. இது தங்கள் சொந்தப் பணமல்ல, முஸ்லிம்களின் பைத்துல்மால். அதில் போர் வீரனுக்குப் பங்குண்டு, அவன் பிள்ளைகளுக்குப் பங்குண்டு, ஏழைக்குப் பங்குண்டு. நான் இம்மூவரில் ஒருவனுமல்லன்.

ஏழை அல்லன் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஏன்? கூபாவில் கடை இருந்தது. நமக்கு இந்தச் சரித்திரத்தில் முதுகெலும்பாகத் தோன்றுவது இந்த ஒரு விஷயம்தான்.

இன்னொரு முறை பதினாயிரம் திர்ஹம் உள்ள பையை மறுக்க முடியாதபடி வீட்டில் வைத்துவிட்டுப் போனார்களாம். அதை ஒரு மூலையில் போட்டு, தாம் இறந்தபின் கொண்டுவந்தவரிடமே அமானிதப் பொருளாகத் திருப்பிக் கொடுக்கும்படி மகனாருக்குச் சொல்லி வைத்தார்கள். மகனாரும் அப்படியே செய்தார்.

மோசூல் நகரத்தார் கலீபாவுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தனர். மீண்டும் கலகம் செய்தால் தங்கள் உயிர் கலீபாவுக்கு ஹலால் என்பது நிபந்தனை. ஹிஜ்ரி 148-ல் மறுபடி கலகம் உண்டாயிற்று. ஒப்பந்தப்படி கொல்லலாமா என்று மன்சூர் ஆலிம்களைக் கேட்டார். சிலர் ஆமோதிப்பது போலப் பேசினர். இமாமவர்களோ, தங்களுக்குச் சொந்தமில்லாததை அவர்கள் தங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது செல்லாது என்றார்கள். தனக்கு உரிமையில்லாத சரக்கை விற்க முடியாது என்பது கடைத் தெருச் சட்டம். உயிர் அல்லாஹ்வுடையது. ஒரு வியாபாரச் சட்டம் ஓர் ஊரின் உயிருக்குக் காவலாக நின்றது.

சிறையும் மரணமும்

மன்சூர் பாக்தாத் நகரை ஹிஜ்ரி 145 (கி.பி. 762)-ல் கட்டத் தொடங்கினார். இமாமவர்களைக் காஜியாக்க விரும்பினார். நான் அதற்குத் தகுதியுள்ளவனல்லன் என்றார்கள். நீர் பொய் சொல்லுகிறீர் என்றார் கலீபா. அப்படியானால் தாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள், பொய்யன் காஜியாகத் தகுதியற்றவன் என்றார்கள் இமாமவர்கள். எப்படியும் தமக்கு வேலை செய்ய வைப்பேன் என்று கலீபா சத்தியம் செய்திருந்தமையால், புது நகருக்கு அறுக்கும் செங்கல்லை எண்ணும் வேலையை ஏற்றார்கள் என்று தபரீ எழுதுகிறார். ஒவ்வொன்றாக எண்ணாமல் அடுக்கைக் கோலால் அளந்தே கணக்குச் சொன்னார்களாம். துணி அளந்த கை அல்லவா! செங்கல்லை எண்ணுவார்கள், தீர்ப்பை விற்க மாட்டார்கள்.

முடிவில் சிறையே கிடைத்தது. ஹிஜ்ரி 150 (கி.பி. 767)-ல் தமது எழுபதாம் வயதில் பாக்தாதில் வபாத்தானார்கள். சிறையிலேயே மறைந்தார்கள் என்பதே பெரும்பாலோர் கூறுவது. கூட்டம் அடங்காமல் ஜனாஸாத் தொழுகை பல தடவை நடந்தது. தம்மை அபகரிக்கப்படாத நிலத்தில் அடக்க வேண்டும் என்பது அவர்களுடைய வஸிய்யத். அதன்படி கைஸுரான் மையவாடியில் அடக்கினார்கள். உயிரோடிருந்தபோது மட்டுமன்றி இறந்த பின்னும் இவர் என்னைக் கண்டிக்கிறாரே என்று மன்சூர் கலங்கியதாகச் சொல்வர். அந்தப் பகுதி இன்றும் அவர்கள் பட்டப் பெயரால் அஃளமிய்யா என்றே வழங்குகிறது.

நமக்குரிய பாடம்

ஒரு விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். இமாமவர்களின் மாணவர் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் ஆசிரியர் மறுத்த அதே காஜிப் பதவியை ஏற்றார்கள். ஹாரூன் ரஷீத் காலத்தில் காஜிகளுக்கெல்லாம் தலைமைக் காஜியானார்கள். கலீபாவுக்காகக் கராஜ் என்னும் வரி நூலை எழுதி, குடியானவனிடம் நிலத்துக்கு இவ்வளவு என்று கட்டாயமாகப் பிடுங்காமல் விளைச்சலில் பங்காக வாங்குவதே நியாயம் என்றும், வரிக்காக மக்களை வதைக்கக் கூடாது என்றும் அரசருக்கே எழுதினார்கள். ஆகவே அரசாங்க வேலை எல்லாம் தீது என்று இந்தச் சரித்திரம் சொல்லவில்லை. அரசர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. அந்த மாணவர் ஏழையாக இருந்தபோது அவருக்குச் சோறு போட்டது அரண்மனைப் பணமல்ல, கடைப் பணம்.

வியாபாரிகளாகிய நாம் வாங்கும் பக்கத்தில் இருப்பதைவிடக் கொடுக்கும் பக்கத்திலேயே அதிகம் இருக்கிறோம். காரியம் ஆவதற்குக் கொடுக்கிறோம். பெயர் வருவதற்குக் கொடுக்கிறோம். கொடுத்தபின், வாங்கினவர் நமக்கு விரோதமாகப் பேச மாட்டார் என்று எதிர்பார்க்கிறோம். பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டு நிர்வாகத்தில் நம் சொல்லே நடக்க வேண்டுமென்று நினைப்பதும் அந்த வகைதான். இமாமவர்களும் கொடுத்தார்கள். ஆனால் யஃகூபுக்குக் கொடுத்த நூறு திர்ஹத்தால் அவருடைய நாவை வாங்கவில்லை. அந்த மாணவர் பிற்காலத்தில் எத்தனையோ சட்டங்களில் ஆசிரியருக்கு மாற்றமாகவே தீர்ப்புச் சொன்னார்.

இரவில் கடையடைத்துக் கல்லாவை எண்ணும்போது எவ்வளவு வந்தது என்று பார்க்கிறோம். எதை மறைத்து வந்தது, யார் வாயை அடைக்கப் போனது என்றும் சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரியாகும். கறை பிடித்த கைலியை விற்ற நமக்கு இதைப் பிறருக்குச் சொல்லும் தகுதி குறைவு. ஆயினும் நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்ளுகிறோம்.

ஹலாலாகச் சம்பாதித்து, அதைக் கொண்டு தலை நிமிர்ந்து வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.